துபாய்க்கும் திருச்சுழிக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம்

மூன்று வருடங்களுக்கு முன், ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. திருச்சுழி தாண்டிக் கருவேலங்காட்டுக்குள் இருக்கும் எங்கள் குலசாமி கோயிலில் இளைய மகளுக்குக் காதுகுத்து.

பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். என் மைத்துனர் துபாயில் கட்டட வேலை பார்க்கிறார். மூத்தவள் காதுகுத்துக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. என் மனைவியின் பெரியப்பா மகன் மடியில் அவள் உட்கார்ந்ததைச் செல்போனில் பார்த்தவர், பாதியிலேயே அணைத்துவிட்டார். இந்த முறை மன்றாடி மூன்று நாள் லீவு வாங்கியிருந்தார்.

விடிகாலை நாலு மணிக்கு விமானம் என்றார். எப்போது இறங்கும் என்று சொல்ல வந்தவரை, "அத நான் பாத்துக்கிறேன் மச்சான்" என்று இடைமறித்தேன். நாலு புத்தகம் படித்த திமிர். செல்போனில் தேடினேன். மதுரைக்கு ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர், நாலு மணி நேரம். எட்டுக்கு மதுரை, அருப்புக்கோட்டை வழியாக ஒன்பதரைக்குக் கோயில். விமானத்தை நானே ஓட்டி வருவதுபோலச் சொந்தபந்தம் முழுவதற்கும் அறிவித்தேன். அந்தக் கணக்கை நம்பித்தான் பத்தரைக்குள் நல்ல நேரம் குறித்தார்கள். அதன் பிறகு ராகு காலம்.

அன்று ஒன்பதே முக்காலுக்குப் போன் வந்தது. "இப்பத்தான் மாப்ள மதுரையில எறங்குனேன்."

அப்போதுதான் உறைத்தது. அங்கே நாலு மணி என்றால் இங்கே ஐந்தரை.

'பிளைட் லேட்டு' என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் பார்த்த பார்வையில் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

என் பெரியப்பா அவசரப்படுத்தினார். "ஏத்தா, ராகு காலம் வரப்போகுது. ஒங்க பெரியப்பன் மகன் நிக்கிறாருல்ல, அவுக மடியில வச்சுக் குத்திருவோம்."

மொட்டையடித்த பிள்ளையை மனைவி இறுக்கிக்கொண்டாள். "ஒருத்திக்கு அப்படிக் குத்தியாச்சு மாமா. இவளுக்கு எங்கண்ணன் மடிதான்."

"ராகு காலத்துலயா?"

"இவ பொறந்ததே ராகு காலத்துலதான்."

காது குத்த வந்த ஆசாரி பையைக் கட்டினார். "எனக்குப் பந்தல்குடியில இன்னொரு காது இருக்கும்மா."

"அது அங்கேயேதான் இருக்கும். உக்காருங்க."

உட்கார்ந்தார்.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "ஏலே, நீ என்ன சொல்ற?"

நாற்பத்தெட்டு வயதுவரை அவர் முன் நான் எதுவும் சொன்னதில்லை. "தப்பு எங் கணக்குல பெரியப்பா. மச்சான் வரட்டும்." குரல் நடுங்கியதை மைக்செட் பாட்டு மறைத்துவிட்டது. அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஊருக்குக் கிளம்பவில்லை.

பதினொன்றே காலுக்கு மைத்துனர் ஓடிவந்து, பேன்ட்டோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மாமனை நேரில் கண்டறியாத என் மகள், ஊசியைப் பார்ப்பதற்கு முன்பே அவரைப் பார்த்து அலறினாள். அவர் சிரித்துக்கொண்டே அழுதார்.

அவளுக்குச் சளி பிடித்தால்கூடப் பெரியப்பா இன்றைக்கும் அந்த ராகு காலத்தைத்தான் சொல்கிறார். சொல்லட்டும். மூவாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்த மனிதருக்காக ஒரு நல்ல நேரத்தைப் போகவிட்டதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. என் வாழ்க்கையில் நான் போட்ட தப்புக் கணக்குகளில் உருப்படியாக முடிந்தது அது ஒன்றுதான்.