ஈரத் துண்டின் கனம்

‘துரிதமாக முடிவெடுப்பவர். தயக்கம் அறியாதவர். சூழ்நிலையை நொடியில் கணித்துச் செயல்படும் ஆற்றல் மிக்கவர்.’ பேருந்துப் பணிமனையின் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை அவரைப் பற்றி இப்படித்தான் சொல்கிறது. கட்டுப்பாட்டு அறையில் அவருக்கு ‘மின்னல்’ என்று பெயர். அந்த மின்னல், வீட்டுக் குளியலறையில் துண்டைச் சூடாக்கும் ஒரு டவல் வார்மர் மாட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய ஏறக்குறைய ஒரு குளிர்காலத்தையே எடுத்துக்கொண்டார்.

அறிக்கை பொய் சொல்லவில்லை. பாலத்தின் மேல் வண்டி நின்றுவிட்டதாக ரேடியோ கரகரத்தால், ஓட்டுநர் புலம்பி முடிப்பதற்குள் பின்னால் வரும் பேருந்துகள் வேறு தெருவுக்குத் திரும்பியிருக்கும். கையிலிருக்கும் தேநீர்க் கோப்பையைக்கூட அவர் கீழே வைத்திருக்கமாட்டார். ஆனால் அதே மனிதர் செருப்பு வாங்கப் போனால், கடை மூடும் நேரத்தில் பழைய செருப்போடு வீடு திரும்புவார்.

அவர் குடியிருப்பது மாமனாரின் வீட்டில். வீட்டோடு மாப்பிள்ளை என்ற பட்டத்தை மட்டும் எந்தக் காலதாமதமும் இன்றி ஏற்றுக்கொண்டார் என்று அவருடைய மனைவி சொல்வதுண்டு. மாமனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். தலை வாரி, சவரம் செய்து, மடிப்புக் கலையாத சட்டை போடாமல் வாசல் தாண்டாதவர். வீடு கட்டும்போது ஆசை ஆசையாக ஒரு குளியல் தொட்டியைப் பதித்தவரும் அவரே. அதன் விளிம்பு முழங்கால் உயரம்.

அந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில் மாமனார் குளிப்பதைத் தள்ளிப்போட ஆரம்பித்தார்.

“குளிருதும்மா. நாளைக்குப் பாத்துக்கறேன்.”

நாளைக்கும் குளிர்ந்தது. பூங்காவில் சீட்டாடும் நண்பர்களைப் பார்க்கப் போவது நின்றது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் மகள், அதாவது மின்னலின் மனைவி, லேசாக மூக்கைச் சுளித்துவிட்டாள். மறுநாளிலிருந்து அவர் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார். மகள் சமையலறையில் நின்று அழுதாள். தன் மூக்கின் மேல் யாராவது இவ்வளவு கோபப்பட்டிருப்பார்களா என்பது சந்தேகம்.

தீர்வோடு வந்து சேர்ந்தவன் மனைவியின் தம்பி. ஏதோ ஒரு ஹோட்டலில் தங்கித் திரும்பியிருந்தான்.

“மச்சான், சுவத்துல ஏணி மாதிரி ஒரு கம்பி. உள்ள கரண்டு. துண்டைப் போட்டா, இப்பதான் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி வெதுவெதுன்னு இருக்கு. அப்பாவுக்கு இதை மாட்டுங்க. அப்புறம் அவரைக் குளிக்கக் கூப்பிட வேணாம், வெளிய வாங்கன்னுதான் கூப்பிடணும்.”

சொன்னதோடு நிற்காமல் வாங்கியும் அனுப்பிவிட்டான். பெட்டி நடைவழியில் குடியேறியது. முதலில் அதன் மேல் மடித்த துணிகள் ஏறின, பிறகு தொலைபேசி.

“என்னங்க, இன்னைக்காவது மின்னுமா? இல்ல மேகமூட்டம்தானா?” என்பாள் மனைவி காலையில்.

“யோசிச்சிட்டிருக்கேன்.”

“பஸ்ஸுக்கு யோசிக்கிற வேகத்துல பாதி போதும்.”

“பஸ்ஸு வேற.”

ஊரின் சந்துபொந்தெல்லாம் தலைக்குள் இருப்பதால்தான் அங்கே அத்தனை வேகம். இங்கே அவருக்குப் புரியாத ஏதோ ஒன்று இருந்தது. அது என்ன என்பதும் புரியவில்லை.

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். “தண்ணி தெறிச்சாலும் ஒண்ணும் ஆகாத வகை சார். தொட்டிக்குப் பக்கத்துல இருக்கற பழைய துண்டுக் கம்பியைக் கழட்டிட்டு, அதே இடத்துல மாட்டிடலாம். அரை மணி நேர வேலை.”

பழைய கம்பியை மின்னல் பார்த்தார். அது மறுபடி சாய்ந்திருந்தது. குளிர்காலம் தொடங்கியதிலிருந்து அதன் திருகுகளை அவர் முடுக்குவதும், அது தளர்வதும், கீழே உதிர்ந்த பூச்சுத் தூளை அவரே கூட்டுவதுமாக இருந்தது. பூச்சு சரியில்லை என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் ஒரு துண்டு எப்படிக் கம்பியைச் சுவரிலிருந்து வெளியே இழுக்கும்?

“இன்னொரு நாள் வாங்க,” என்றார். எலக்ட்ரீஷியன் பார்த்த பார்வையை மதிப்பீட்டு அறிக்கையில் சேர்க்க முடியாது.

எலக்ட்ரீஷியன் போனதும் மின்னல் முழுக்கைச் சட்டையோடு காலித் தொட்டிக்குள் ஏறி நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். ஒரு காலைத் தூக்கி விளிம்புக்கு வெளியே வைத்தார். உடம்பு ஒரு கணம் ஆடியது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவருடைய கை போய்த் துண்டுக் கம்பியைப் பிடித்தது.

கதவைத் திறந்த மனைவி அப்படியே நின்றாள்.

“என்ன பண்றீங்க?”

“இறங்கறேன்.”

“இதுக்கா லீவு போட்டீங்க?”

அவர் மறுபடி ஏறினார், மறுபடி இறங்கினார். கம்பியை இத்தனை நாளும் இழுத்தது துண்டல்ல, மாமனாரின் கை. மாமனாருக்குக் குளிர் ஒரு பிரச்சினையே இல்லை. அவருக்கு விழுந்துவிடுவோமோ என்ற பயம். கப்பல் சரக்கை ஆகாயத்தில் ஆடாமல் நிறுத்திய மனிதர், தன் வீட்டுத் தொட்டியிலிருந்து இறங்கப் பயமாக இருக்கிறது என்று யாரிடம் சொல்வார்? குளிருதும்மா என்பது சொல்லத்தக்க காரணம். இதில் அந்த இடத்தில் சூடான கம்பியை மாட்டியிருந்தால், பிடித்த கை சுட்டு விலகியிருக்கும். மனிதர் கீழே கிடந்திருப்பார்.

மனைவியிடம்கூட அவர் இதைச் சொல்லவில்லை. அந்த வீட்டில் ரகசியம் என்பது எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லப்படும் செய்தி. அக்கா தம்பியிடம் சொல்வாள். தம்பி அன்பு பொங்க அப்பாவின் தோளில் கைபோட்டு, “இனிமே பயப்படாதீங்கப்பா” என்பான். அத்தோடு அந்த வீட்டில் குளியல் முடிந்தது.

மருத்துவ உபகரணக் கடையில் முதியோருக்கான கைப்பிடிகள் இருந்தன. கடைக்காரர் எடுத்துக் காட்டிய முதல் கைப்பிடி வெள்ளையாக, தடிமனாக, பார்த்தாலே மாத்திரை வாசனை அடிப்பது போல இருந்தது. அதை ஒதுக்கி, துண்டுக் கம்பி என்று துணிந்து பொய் சொல்லக்கூடிய எஃகுக் கைப்பிடி ஒன்றைத் தேடி எடுத்தார். இந்த முடிவுக்கு நொடிகூட ஆகவில்லை.

“வாங்கின கம்பி பெட்டியில தூங்குது, இன்னொரு கம்பியத் தூக்கிட்டு வர்றாரு மனுஷன்!” என்று மனைவி தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

எலக்ட்ரீஷியன் மறுபடி வந்தார். டவல் வார்மரைக் கதவோரச் சுவரில் மாட்டச் சொன்னார் மின்னல். தொட்டியிலிருந்து கை எட்டாது; இறங்கி மிதியடியில் நின்ற பிறகுதான் எட்டும். பழைய கம்பி இருந்த இடத்தில், பூச்சைத் தாண்டிச் செங்கல்வரை துளைபோட்டு, எஃகுக் கைப்பிடியைத் தானே பொருத்த ஆரம்பித்தார். சத்தம் கேட்டு மாமனார் வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டார்.

“இது என்ன மாப்ளே?”

“துண்டு போடற கம்பி மாமா.”

“சூடு பண்றது அங்க இருக்கே?”

“அது காஞ்ச துண்டுக்கு. இது ஈரத் துண்டுக்கு.”

மாமனார் குனிந்து போல்ட்டைப் பார்த்தார். எந்த போல்ட் எவ்வளவு தாங்கும் என்பது கிரேன் ஓட்டியவருக்குத் தெரியாததில்லை.

“துண்டு போடறதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய போல்ட்டு?”

“ஈரத் துண்டு கனம் மாமா.”

மாமனார் மருமகனை நிமிர்ந்து பார்த்தார். பார்வை சற்று நேரம் அங்கேயே நின்றது.

“ஆமா,” என்றார். “கனந்தான். நல்லா முடுக்குங்க.”

மறுநாள் காலை, யாரும் கூப்பிடாமலே குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மாமனார் தலை வாரி, சட்டை மடிப்போடு வந்து மேசையில் உட்கார்ந்தார். “துண்டு நல்லா வெதுவெதுன்னு இருக்குடா” என்று மகனுக்குத் தொலைபேசியில் சொன்னார். அவன் அன்று முழுக்க எல்லோரிடமும் டவல் வார்மரின் மகிமையைப் பேசினான். “இதைத்தானே அன்னைக்கே சொன்னோம்?” என்றாள் மனைவி. தன் பங்குக்கு மின்னல் தலையாட்டி வைத்தார்.

டவல் வார்மரை மாட்டத் தாமதித்தவர் என்றுதான் அவரை இன்றும் அந்த வீட்டில் சொல்கிறார்கள். அவர் செய்தது இதுதான்: மாமனார் பிடித்து இறங்க ஒரு கைப்பிடியைச் சுவரில் உறுதியாக முடுக்கினார், அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மறைத்தார்.