தெருவுக்கு வந்த கரண்ட், அகேடோவின் பெட்டிக்கு வரவில்லை

நைஜீரியாவின் பெனின் நகரத்தில் சக்போன்பா சாலையைத் தாண்டி உள்ளே போய் "டிரைவர் வீடு" என்று கேட்டால் யாரும் காட்டிவிடுவார்கள். அகேடோ லாரியை விட்டுப் பதினோரு வருடமாகிறது. பேர் மட்டும் விடவில்லை. தச்சர் ஒமொரோடியோனின் இரண்டாம் மனைவி பெற்ற ஐந்து பேரில் இவர் மூன்றாவது. மூத்தவள் வாரி என்ற ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். அடுத்தவன் அம்மை கண்டு சின்ன வயதிலேயே போய்விட்டான். நாலாவது இசோக்கன்; புருஷன் இறந்த பிறகு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டாள். கடைசித் தம்பி ஊருக்குள்ளேயே தனியாகக் குடியிருக்கிறான். ஆக, உயிரோடு இருக்கிற ஆண்களில் மூத்தவர் அகேடோதான். வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் கோலாக் கொட்டையைக் கையிலெடுத்து முன்னோரை வேண்டி உடைக்க அவர்தான் வேண்டும்.

இருபத்தாறு வருடம் லாரி ஓட்டியவர், ஓரே என்கிற ஊருக்கு முந்தின வளைவில் வண்டி கவிழ்ந்து இடுப்பு எலும்பு நொறுங்கிப் படுத்தார். எழுந்தபோது கையில் தடி. வாட்ச்மேன் வேலைக்குக் கூப்பிட்டார்கள். "அடுத்தவன் கேட்டைத் திறந்து மூடவா பொறந்தேன்?" என்று சொல்லிவிட்டு, அப்பா விட்டுப்போன பலகைகளை வைத்து ஒரு பெட்டி செய்தார். ஹீட்டரும் சின்ன விசிறியும் மாட்டி முட்டையிலிருந்து குஞ்சு பொரிக்கத் தொடங்கினார். தொண்ணூறு முட்டை கொள்ளும். நகரத்துக்கு வெளியே வான்கோழி வளர்க்கும் இட்டோஹான் முட்டை கொண்டுவந்து கொடுப்பாள். பொரிவதில் நாலில் ஒன்று அகேடோவுக்கு.

வான்கோழி முட்டைக்கு இருபத்தெட்டு நாள் சூடு வேண்டும். எங்கள் ஊர்க் கரண்ட்டோ மாமியார் வீட்டுக்கு வந்த மருமகன் மாதிரி, நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அதனால் இன்வெர்ட்டர் வாங்கப் போனார். கடைக்காரர் உயரமான பேட்டரியைக் காட்டினார்.

"இதுதான் ஐயா வீட்டுக்கு. நின்னு உழைக்கும்."

"தம்பி, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் பேட்டரி தூக்கினவன். முப்பது டன் லாரியவே உலுப்பி எழுப்புற பேட்டரி ரெண்டு என் வீட்டுல இருக்கு. நாலு பல்பு சூட்டுக்கு அது போதாதா?"

போதவில்லை. லாரி பேட்டரி சண்டியர் மாதிரி. ஒரு தள்ளுத் தள்ளும், அவ்வளவுதான். மூட்டை தூக்குகிறவன் போல நாள் முழுக்க நடக்காது. அடிமட்டம் வரை இறங்கி இறங்கி, மூன்றாம் மாதம் இரண்டும் வயிறு வீங்கிப்போயின. பெட்டியில் வைத்து இருபது நாளாகியிருந்த முட்டைகள் அத்தனையும் குளிர்ந்து அழுகின.

இட்டோஹான் சத்தம் போடவில்லை. அதுதான் அவரை அதிகம் சுட்டது. "அண்ணே, இது ஒரு தடவ. இன்னொரு தடவ இப்படி ஆனா நான் வேற இடம் பாக்கணும்" என்றாள். அவளே விட்டுவிட்டாள் என்று தெரிந்தால் அப்புறம் யார் முட்டை கொடுப்பார்கள்? திரும்பவும் அந்த வாட்ச்மேன் கேட்டுதான்.

இந்த முறை உயரமான பேட்டரி இரண்டு, விசிறியை முனகவைக்காத நல்ல இன்வெர்ட்டர். மாட்ட வந்தவர் பின்புறம் இருந்த ஒரு சின்ன சுவிட்சைக் காட்டினார். ஒரு பக்கம் கம்ப்யூட்டருக்கு, ஒரு பக்கம் விசிறி, விளக்குக்கு.

"கம்ப்யூட்டர் பக்கமே வை. அதானே ஒசத்தி?" என்றார் அகேடோ.

"வெச்சுக்கலாம் ஐயா. ஆனா இந்தப் பக்கம் ரொம்ப ரோஷக்காரப் பக்கம். கரண்ட் கொஞ்சம் தாழ்ந்து வந்தாலும் வேண்டாம்னு தள்ளிட்டு பேட்டரியையே தின்னும். இந்தச் சின்ன விளக்கு பச்சையா இருந்தா ஏறுது, சிவப்பா இருந்தா எறங்குது. தெருவப் பாக்காதீங்க, இதப் பாருங்க."

அகேடோ தலையாட்டினார். காதில் வாங்கினாரோ இல்லையோ.

எதிர்வீட்டு உவாய்லா குளிர்பானம் விற்பவள். அவளிடம் ஒரு குட்டி ஜெனரேட்டர் உண்டு. இன்வெர்ட்டர் வந்ததிலிருந்து அகேடோவுக்கு அவளைச் சீண்டாமல் பொழுது போகாது.

"உவாய்லா, உன் தகரடப்பா ராத்திரியெல்லாம் இருமுது. மருந்து குடுக்கக் கூடாதா?"

"இருமினாலும் உசிரோட இருக்கு டிரைவரே. உங்க லாரி பேட்டரி மாதிரி வயிறு வீங்கிச் சாகல."

இப்படியிருக்கையில், புதிதாக வைத்த தொண்ணூறு முட்டைக்கு இருபத்தேழாம் நாளும் தம்பி மகளின் கல்யாணப் பேச்சும் ஒரே சனிக்கிழமையில் வந்து நின்றன. முந்தின நாள் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. பெட்டியை பேட்டரிதான் சுமந்துகொண்டிருந்தது. வெள்ளை வேட்டியும் பவளமாலையுமாக அகேடோ பெட்டிமேல் காதை வைத்துக் கேட்டார். ஓட்டுக்குள்ளிருந்து மெல்லிய கீச்சுக் குரல்கள். கிளம்ப மனசு வரவில்லை. தம்பி மூன்றாம் முறை போனில் கூப்பிட்டான்.

"அண்ணே, மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்து ஒக்காந்தாச்சு. கோலா தட்டுல காயுது. நீங்க வந்து ஒடைக்காம யார் வாயத் தொறப்பாங்க?"

"இங்க குஞ்சு வாயத் தொறக்குது, அதுக்கு என்ன சொல்றே?"

அப்போதுதான் தெருக்கோடியில் பிள்ளைகள் கூப்பாடு போட்டார்கள். "வந்துருச்சு! வந்துருச்சு!" கைதட்டல், விசில். அடுத்த நொடி ஒவ்வொரு வீட்டிலும் தண்ணி மோட்டார் உறுமியது. எல்லோரும் இஸ்திரிப்பெட்டியைச் சொருகினார்கள். எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் அதற்குமேல் சாட்சி தேவையில்லை. அகேடோ சின்ன விளக்கின் பக்கம் திரும்பவே இல்லை. "கடவுள் இருக்கான்" என்று கதவைப் பூட்டி, இசோக்கனையும் கூட்டிக்கொண்டு போனார்.

கோலாவை உடைத்தார். முன்னோர் ஏழு பேரைப் பேர் சொல்லி அழைத்தார். வழக்கப்படி முகத்தை மூடி வேறு வேறு பெண்களைக் கூட்டிவந்து "இவளா, இவளா" என்று மாப்பிள்ளை வீட்டை அலைக்கழித்தபோது அவரும் சிரித்தார். இடித்த கிழங்கும் கறிக்குழம்பும் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மூன்று மணிக்குத் திரும்பிக் கதவைத் திறந்தால் வீடு அமைதியாக இருந்தது. விசிறிச் சத்தம் இல்லை. இன்வெர்ட்டர் செத்துக் கிடந்தது. தெருக் கரண்ட்டில் எரியும் சுவர் பல்பு மட்டும் பழுத்த செம்பனைப் பழம் போலச் சிவப்பாகக் கனன்றது. தெருவே சேர்ந்து உறிஞ்சியதில் கரண்ட் பாதியாக வந்திருக்கிறது. ரோஷக்காரப் பக்கம் அதை ஏற்கவில்லை. நாளெல்லாம் பேட்டரியைத் தின்று, காலியானதும் நின்றுவிட்டது.

இசோக்கன் பெட்டிக்குள் கையை விட்டாள். "இன்னும் வெதுவெதுன்னு இருக்கு அண்ணே. ரொம்ப நேரம் தாங்காது."

அவர் சுவிட்சை மறுபக்கம் தள்ளினார். விளக்கு பச்சையாகி ஒரு நிமிஷம் நின்றது. அதற்குள் கரண்ட் மொத்தமாகப் போய்விட்டது. தெரு முழுக்க ஒரே பெருமூச்சு.

இசோக்கன் அடுப்பில் தண்ணீர் வைக்க ஓடினாள். அகேடோ வாசலில் நின்று எதிர்வீட்டைப் பார்த்தார். பத்தடி தூரம்தான். லாகோஸுக்கு லாரி ஓட்டியபோதுகூட அத்தனை தூரம் தெரிந்ததில்லை.

"உவாய்லா."

"யாரு, டிரைவரா? பவளமாலையெல்லாம் போட்டுக்கிட்டு! கல்யாணம் ஒங்களுக்கா?"

"உன் ஜெனரேட்டர் வேணும்."

"என்னது? அந்த தகரடப்பாவா? அது மருந்து குடிச்சிட்டுத் தூங்குது" என்று சிரித்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். "என்னாச்சு?"

"பேட்டரி செத்துப்போச்சு. குஞ்சு ஓட்டுக்குள்ள இருக்கு."

"அத மொதல்ல சொல்ல மாட்டீங்களா? நகருங்க வழிய விட்டு!" ஜெனரேட்டரை இடுப்பில் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள். தன் பிரிட்ஜில் பானமெல்லாம் சூடேறட்டும் என்று விட்டுவிட்டாள். இசோக்கன் வெந்நீரைக் கேன்களில் ஊற்றித் துணி சுற்றிப் பெட்டிக்குள் முட்டைகளைச் சுற்றி வைத்தாள். மூன்றாவது இழுப்பில் ஜெனரேட்டர் இருமி எழுந்தது; பெட்டிக்குள் விசிறி சுழன்றது.

மறுநாள் காலை முதல் ஓடு பிளந்தது. அடுத்த நாள் மாலைவரை ஒவ்வொன்றாக வந்தன. ஐம்பத்தெட்டுக் குஞ்சுகள். முப்பத்திரண்டு ஓட்டைவிட்டு வரவே இல்லை.

செவ்வாய்க்கிழமை இட்டோஹான் வருவதற்கு முன், "கூமுட்டைன்னு சொல்லிரலாம் அண்ணே. யாருக்குத் தெரியும்?" என்றாள் இசோக்கன். அவர் பொரியாத முட்டைகளைக் கூடையில் எடுத்து வைத்தார்.

இட்டோஹான் குஞ்சுகளைப் பார்த்தாள். பிறகு மூலையில் கூடையில் கிடந்த முட்டைகளைப் பார்த்தாள்.

"அதுல கூமுட்டை எத்தனை?"

"தெரியாது. பாதியாவது என்னால செத்தது. சுவிட்சும் தப்பான பக்கம் இருந்துச்சு. தெரு கத்துனதக் கேட்டேன், விளக்கப் பாக்கல. பூட்டிட்டுப் போயிட்டேன்."

அவள் இன்வெர்ட்டர் பக்கம் திரும்பினாள். "சுவிட்ச மாத்தியாச்சா?"

"மாத்தியாச்சு."

"அடுத்த தடவ எங்க போனாலும் சாவிய உவாய்லாகிட்ட குடுத்துட்டுப் போங்க."

அவளுடைய காரின் பின்சீட்டில் மூன்று அட்டை முட்டை இருந்தது. ஒரே ஒரு அட்டையைத்தான் இறக்கினாள். முப்பது. மற்ற இரண்டையும் எங்கே கொண்டுபோகிறாள் என்று அகேடோ கேட்கவில்லை. தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.