பனியில் கறுப்புச் சட்டை

உடுத்துகிற விஷயத்தில் கொளஞ்சியப்பன் அண்ணனுக்கு யார் புத்தி சொன்னாலும் பிடிக்காது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் அவருக்கு வேலை, காலை ஷிப்டு. ஜெயங்கொண்டம் ரோட்டில் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து கோழி கூவும்போதே சைக்கிளை எடுத்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். பனிக்காலத்தில் மற்றவர்கள் கம்பளியும் ஸ்வெட்டருமாகக் கிளம்புவார்கள். அண்ணன் சிரிப்பார். ஸ்வெட்டர் போட்டு மிதித்தால் பாதி வழியில் வேர்த்துவிடும், நனைந்த பனியனோடு பள்ளத்தில் இறங்கினால் அப்புறம்தான் நிஜக் குளிர் என்பார். போர்வையோ சக்கரத்தில் சிக்கிக்கொள்ளும். அவருக்கு மெல்லிசான வெள்ளை பாப்ளின் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, காதை மூடி ஒரு துண்டு போதும். கிளம்பும்போது பல் கிட்டினாலும் மிதிக்க மிதிக்க உடம்பு சூடாகிவிடும். பட்டுத் தெரிந்துகொண்டது, தப்புச் சொல்ல முடியாது.

எண்பத்திரண்டாம் வருஷம் கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டார். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து செல்வம்மாள் அண்ணி முழுகாமல் இருந்தார். அதற்கான வேண்டுதல். அதே மெல்லிசுத் துணிதான், ஆனால் சட்டை, வேட்டி, துண்டு எல்லாம் கறுப்பாகிவிட்டது. இருட்டில் அவர் போனால் சைக்கிள் மட்டும் தனியாகப் போகிறது என்று தெருவே கேலி பேசியது.

அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. அது கல் லாரிகள் பறக்கிற ரோடு. மார்கழி பிறந்ததும் பனி வேறு கொட்டத் தொடங்கியது. சைக்கிளின் பின்பக்கச் சிவப்புக் கண்ணாடி மண் அப்பிக் கிடக்கும், எதற்கும் ஆகாது. அந்த வாரம்தான் சுரங்கத்தில் கூட வேலை செய்கிற பிச்சைமுத்துவை ஒரு லாரி பின்னாலிருந்து தட்டிவிட்டது. கால் போயிற்று. அவர் போர்த்தியிருந்தது கறுப்புக் கம்பளி. ஆளே கண்ணுக்குத் தெரியவில்லை என்று டிரைவர் அழுதானாம்.

அன்றிலிருந்து அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. தோளில் ஒரு வெள்ளைத் துண்டாவது போட்டுக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினார். அண்ணன் மசியவில்லை. குருசாமி கறுப்பு என்று சொன்னால் கறுப்புதான்.

"வெரதத்துக்கு நடுவுல வெள்ளையக் கட்டி ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா யாருக்குக் கேடு? வவுத்துல இருக்குற புள்ளைக்குத்தான்."

அண்ணன் பயந்தது சாமிக்கு, அண்ணி பயந்தது லாரிக்கு. இரண்டு பேரும் பயந்தது ஒரே பிள்ளைக்காக.

ஒரு நாள் சாயங்காலம் அண்ணன் பஜனைக்குப் போயிருந்தார். மறுநாளைக்கான சட்டை துவைத்துக் காய்ந்து கிடந்தது. அண்ணி திருநீற்றைத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்தார். சட்டையின் முதுகில் இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள் வரை மூன்று பட்டை போட்டார். மாலை போட்டவர் துணியில் இப்படிச் செய்யலாமா என்று கேட்க ஆளில்லை. காய்ந்ததும் முதுகுப் பக்கம் சுவரைப் பார்க்கிற மாதிரி ஆணியில் மாட்டிவிட்டார்.

காலையில் சிம்னி விளக்கு வெளிச்சத்தில் அண்ணன் குளித்துவிட்டு வந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். சரணம் சொல்லிக்கொண்டே சைக்கிளில் ஏறினார். அண்ணி வாசலிலேயே நின்றார்.

ரோடு திரும்புகிற இடத்தில் பின்னாலிருந்து வெளிச்சம் அடித்தது. ஹாரன் இல்லை, பிரேக் சத்தம்தான் கேட்டது. லாரி அவரை உரசுகிற மாதிரி விலகி மண்ணில் இறங்கி நின்றது. அண்ணன் சைக்கிளோடு பள்ளத்தில் கிடந்தார். முழங்கை தேய்ந்ததோடு சரி. டிரைவர் தர்மராஜ் ஓடி வந்து தூக்கினான்.

"மொதல்ல ஒண்ணுமே தெரியல சாமி. திடீர்னு வெள்ளையா மூணு பட்டை. அதைப் பாத்துத்தான் வண்டிய ஒடிச்சேன்."

அண்ணன் கையைப் பின்னால் விட்டுத் தடவிப் பார்த்தார். விரலில் திருநீறு. அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வேலைக்குப் போகாமல் சைக்கிளைத் திருப்பினார்.

நேரமில்லாத நேரத்தில் வந்து நின்றவரைப் பார்த்து அண்ணி ஓடி வந்து சைக்கிளைப் பிடித்தார். அண்ணன் நடந்ததைச் சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். அய்யப்பனே வந்து முதுகில் திருநீறு பூசிக் காப்பாற்றிவிட்டான் என்று சாமி படத்துக்கு முன்னால் விழப் போனார்.

அண்ணி பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் பேசாமல் இருந்தால் நாளையிலிருந்து சாமி பார்த்துக்கொள்ளும் என்று இன்னும் தைரியமாகக் கிளம்பிவிடுவார், முதுகில் ஒன்றும் இல்லாமல்.

"சாமி பூசல. நான்தான் பூசுனேன்."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். கத்தப் போகிறார் என்று அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவர் கத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"நானும் தெனம் பயந்துகிட்டுத்தான் போனேன் செல்வம். பின்னால லைட்டு விழறப்பல்லாம் கண்ணை மூடிக்குவேன்."

அப்புறம் சட்டையைக் கழற்றி அண்ணியிடம் நீட்டினார்.

"நாளைக்கு இன்னும் கொஞ்சம் அகலமாப் பூசு."