நீளக் கை மெஷின்

போன மாதம் என் மகளின் விரலில் தையல் ஊசி ஏறிவிட்டது. பழைய புடவைகளை அடுக்கி அவள் தைக்கும் கனத்த போர்வை, எங்கள் மிதி மெஷினில் ஊசியைத் தாங்கி மேலே நீட்டியிருக்கும் குட்டைக் கைக்கு அடியில் அடைத்துக்கொண்டது. இழுத்தபோது விரலும் ஊசிக்குக் கீழே போய்விட்டது. இனித் தையலே வேண்டாம் என்றேன். அவள் நீளக் கை வைத்த மெஷின் வேண்டும் என்றாள்.

அரைமனதாக நான் கூட்டிப் போன செஞ்சிக் கடைத்தெருவுக்கு அதே போர்வையைச் சுருட்டித் தூக்கி வந்தாள். தையல் மெஷின் கடைக்காரர் சிரித்தார்.

“இன்னாம்மா, மெஷின் வாங்க வந்தியா, தூங்க வந்தியா?”

“இது உள்ள நுழைஞ்சாத்தான் அண்ணே விலையே கேப்பேன்.”

பளபளப்பைப் பார்க்காமல் ஒவ்வொரு மெஷினின் கைக்கு அடியிலும் சுருளை நுழைத்துப் பார்த்தாள். இரண்டில் முட்டிக்கொண்டது. கூடாரத் துணி தைப்பவர்களுக்காக வந்த மூன்றாவது மெஷினில் முழுசாக நுழைந்தது. உட்கார்ந்து மிதித்தாள். நான் தையலைப் பார்க்கவில்லை. ஊசிக்கும் அவள் விரலுக்கும் நடுவில் இருந்த தூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வரிசை முடியும்வரை அது ஒரு சாணுக்குக் கீழே குறையவில்லை.

“மூச்சு வுடு நைனா,” என்றாள்.

பயந்துபோன நான் தையலை விடச் சொல்லியிருந்தேன். குத்துப்பட்டவளோ ஊசி ஏன் குத்தியது என்று யோசித்திருக்கிறாள். அந்த மெஷினையே கட்டித் தரச் சொன்னேன்.