ஒரு டிக்கட்டுக்கு எட்டுப் பேர்

போன புதன்கிழமை காசிம் நானாவின் சாப்பாட்டுக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் நாலு பேர். யாரென்றே தெரியாது. அதில் ஒருவன் என்னைப் பார்த்து, "மொதலாளி, அடுத்த மேட்ச்சுக்கும் கேட்டுல நீங்கதானா?" என்று கேட்டான்.

கேட்டது தப்பில்லை. கேட்டுவிட்டு நாலு பேரும் டீயைப் பார்த்துச் சிரித்தார்களே... அதுதான் பொறுக்கவில்லை. நானாவும் கல்லாவுக்குப் பின்னால் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். குனிந்தால் எனக்குத் தெரியாதா?

ஆக, கதை ஊரெல்லாம் போய்விட்டது. தலவாக்கலையில் ஒரு மாதிரி சொல்கிறார்களாம், ராகலையில் ஒரு மாதிரி சொல்கிறார்களாம். ராகலைக் கதையில் நானே கேட்டைப் பிடுங்கித் தேயிலைக்குள் வீசிவிட்டேன்! இப்படி ஆளுக்கு ஒன்று பேசும்போது, நடத்தினவன் வாயைத் திறப்பதுதான் மரியாதை. திறக்கிறேன்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். வாராவாரம் இந்தப் பத்தியில் நானே சொல்லிக்கொண்டுதானே இருக்கிறேன்? லாரியில் கிளீனராக ஏறியவன், இன்றைக்கு மூன்று லாரிக்குச் சொந்தக்காரன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்பு — அதிலும் பாதி. ஆனாலும் ஹட்டன் டவுனில் எந்தக் கமிட்டி போட்டாலும் எனக்கு ஒரு நாற்காலி உண்டு. ஏன்? படித்தவர்கள் யோசிப்பார்கள். அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் நான் செய்துவிட்டு வந்துவிடுவேன்.

போன மாதம் கொழும்பிலிருந்து ஒரு பெரிய புட்போல் டீம் வந்தது. சம்பளத்துக்கு ஆடுகிற ஆட்களும் அதில் இருக்கிறார்கள் என்று பேச்சு. அவர்களுக்கு எதிராக நம் மலைநாட்டுப் பையன்கள் — பாக்டரியில் வேலை செய்கிறவன், தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன், கடையில் துணி கிழிக்கிறவன். டவுன் கிரவுண்டில், ஞாயிற்றுக்கிழமை. டிக்கட் போட்டு நடத்துவது என்று கமிட்டி முடிவு செய்தது.

டிக்கட்டை எப்படி விற்பது? கமிட்டியின் செக்ரட்டரி ஒரு பள்ளிக்கூட மாஸ்டர். நல்ல மனுஷன், ஆனால் எதற்கும் நோட்டீஸ் ஒட்டுவார். டவுன் முழுக்க நோட்டீஸ் ஒட்டலாம் என்றார். நான் சொன்னேன்: "மாஸ்டர், டவுன்ல வித்தா நூறு போகாது. ஆளு இருக்கிறது தோட்டத்துல. தோட்டத்துல வீடு வீடா ஏறி இறங்கத் தெரிஞ்சவன் யாரு? கோயில் திருவிழாவுக்கு வரி வாங்குறவன். அவங்க கையில டிக்கட்டைக் குடுங்க."

இப்படி ஒரு யோசனை எந்தக் காலேஜில் சொல்லிக் கொடுக்கிறார்கள்? கமிட்டி ஒத்துக்கொண்டது.

இன்னொன்றும் நடந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். அச்சுக்குக் கொடுப்பதற்கு மாஸ்டர் எழுதி வந்த டிக்கட்டில் கடைசி வரியாக 'ஒருவருக்கு மட்டும்' என்று இருந்தது. நான் அதை அடித்துவிட்டேன். "பஸ் டிக்கட்டுல இப்படிப் போட்டிருக்கா? ஒரு டிக்கட்டுல எட்டுப் பேரு பஸ் ஏறுறாங்களா? சனங்களை முட்டாளுன்னு நெனைக்காதீங்க மாஸ்டர்" என்றேன். அவர் அப்படியே அச்சுக்குக் கொண்டுபோனார்.

ஒரே வாரம். ஒரு டிக்கட் மிச்சமில்லை. டயகமப் பக்கத்திலிருந்து இன்னும் வேண்டும் என்று ஆள் வந்தது. மூன்று நாள் நான் டவுனில் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கேட்டுக்கு யார்? இதென்ன கேள்வி... கிரவுண்டைச் சுற்றித் தகர வேலி. ஒரே ஒரு கேட். அதில் நான், கோட்டுப் போட்டு, கையில் குடையோடு. என்னைத் தாண்டி ஓசியில் ஒரு பூனை போகாது என்று கமிட்டியிடம் சொல்லியிருந்தேன்.

முதலில் டவுன் ஆட்கள் வந்தார்கள். ஆளுக்கொரு டிக்கட், சிக்கலில்லை. பிறகு ரயில் வந்தது. பஸ் வந்தது. தோட்டத்துச் சனம் வந்தது.

முதலில் நின்றவர் டயகமவிலிருந்து வந்த மாரிமுத்து. ஐம்பது வயது இருக்கும். சலவை வேட்டி. டிக்கட்டை இரண்டு கையாலும் நீட்டினார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. கற்பூர வாசனை வேறு. கோயிலில் வைத்துக் கொடுத்திருப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டு பாதி கிழித்தேன். அவர் உள்ளே காலை வைத்தார். அவர் பின்னால் சம்சாரம். அதன் பின்னால் ஒரு பெண். அதன் பின்னால் தம்பி, தம்பி சம்சாரம், பிள்ளைகள்...

குடையைக் குறுக்கே போட்டேன். "மத்த டிக்கட் எங்க?"

"எந்த மத்த டிக்கட்டுங்க?" என்றார்.

"ஆளுக்கொண்ணு வேணாமா?"

"வீட்டுக்கு ஒண்ணுதானேங்க. திருவிழா வரி மாதிரின்னுதானே கோயில் தலைவரு குடுத்தாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருவிழாவுக்கு வீட்டுக்கு ஒரு வரி. வரி கட்டின வீட்டில் எத்தனை தலை என்று யாராவது எண்ணுவார்களா? வீட்டில் உள்ளவர்கள் மட்டுமா, வெளித்தோட்டத்திலிருந்து விருந்துக்கு வந்த சொந்தக்காரர்களும் சேர்ந்துதானே தேர் பார்ப்பார்கள்! வரி வாங்குகிறவன் கையில் டிக்கட்டைக் கொடுத்தவன் யார்? நான்.

மாரிமுத்துவின் தலைக்கு மேலாகப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் சனம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் முன்னால் ஒரு ஆம்பளை. அவர் கையில் மஞ்சள் தடவின ஒற்றை டிக்கட்.

மாஸ்டர் ஓடி வந்தார். ஒரு டிக்கட்டை எடுத்து முன்னும் பின்னும் திருப்பி என் கண்ணுக்கு நேரே காட்டினார், அவ்வளவுதான். அடித்திருந்தால்கூட வலித்திருக்காது.

இந்த இடத்தில் வேறொருவனாக இருந்தால் இறங்கி வந்திருப்பான். நான் வரவில்லை. நான் சொன்ன சொல் சொல்தான். "ஒரு டிக்கட்டுக்கு ஒரு ஆள். மத்தவங்க வெளிய நில்லுங்க" என்று சத்தம் போட்டேன்.

மாரிமுத்து என் பக்கத்தில் வந்து மெதுவாகப் பேசினார். அவர்கள் மேட்ச் பார்க்க வரவில்லையாம், மாப்பிள்ளை பார்க்க வந்திருக்கிறார்களாம். அந்தப் பெண் பவளம் அவருடைய மூத்த மகள். நம் டீமில் கோல் காக்கிறானே, தலவாக்கலைப் பக்கத்துப் பாக்டரிப் பையன் ராமையா, அவன்தான் மாப்பிள்ளை. பையன் வீட்டார் ஒரு மாதத்துக்கு முன்னால் வந்து பெண் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். இன்றைக்குச் சாயங்காலம் ரயில் ஏறுவதற்குள் பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அவர்கள் வேறு இடம் பார்க்கப் போகிறார்கள்.

"அப்ப நீங்க உள்ள போய்ப் பாருங்க. உங்க டிக்கட்தானே" என்றேன்.

"ஆமாங்க, நான் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று அவரும் கிளம்பினார்.

அந்தப் பெண் அதுவரைக்கும் தலை நிமிரவில்லை. அப்போது சொன்னாள்: "நீங்க பார்த்து என்னப்பா ஆகப்போவுது? வீட்டுக்கு வந்தப்ப அவரு என்னையப் பார்த்தாரு. நான் டீத் தட்டைத்தான் பார்த்தேன்."

சொல்லிவிட்டு, கிழித்த பாதி டிக்கட்டை அப்பா கையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"அத்தனை ஆம்பளைக்கு நடுவுலயா?" என்று தாய்க்காரி நெஞ்சில் கையை வைத்தாள். உள்ளே கேட்டுக்குப் பக்கத்தில் கிளார்க் வீட்டுப் பெண்களுக்காக ஒரு பெஞ்ச் போட்டிருந்தோம். அதைக் காட்டி, "என் கண்ணு முன்னால இருப்பா. எனக்கும் மூணு பொண்ணு" என்றேன். குடையைத் தூக்கினேன். பவளம் உள்ளே போனாள்.

மற்றக் குடும்பங்களும் அப்படியே ஒவ்வொரு ஆளை அனுப்பின. மேட்ச் தொடங்கும்போது உள்ளே இருந்த கூட்டத்தைப்போல நாலு மடங்கு வெளியே நின்றது. நீங்களே யோசித்துப் பாருங்கள் — நம் பையன் பந்தை எடுத்தால் கிரவுண்டுக்குள் முணுமுணுப்பு, வேலிக்கு வெளியே ஆரவாரம். வெளியே இருப்பவர்களுக்கோ பந்து எங்கே என்றே தெரியாது! பையன்கள் வேலியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஆடினார்கள்.

மாரிமுத்து கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சத்தம் வரும்போதெல்லாம், "யாரு போட்டது?" என்பார். நான் திரும்பிப் பார்த்து, "கொழும்பு" என்பேன். அரை மணி நேரத்தில் இரண்டு தரம் அப்படி. இரண்டாம் தரம் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

இடைவேளைக்கு விசில் ஊதியது. பவளம் கேட்டுக்கு வந்தாள்.

"என்னம்மா?" என்றார் அப்பா.

"மூஞ்சியே தெரியலப்பா. அந்தக் கடைசிக் கோல்ல நிக்கிறாரு. ஒரே பனிமூட்டமா இருக்கு."

"ரெண்டு விட்டுட்டானாமே..." என்று இழுத்தாள் தாய்.

"மூட்டத்துல அவரும் பந்தைப் பார்த்திருக்க மாட்டாரு" என்றாள் பெண். எனக்கே சிரிப்பு வந்தது.

அவள் திரும்பிப் போனாள். அடுத்த பாதியில் ராமையா கேட்டுப் பக்கத்துக் கோலுக்கு வருவான். பெஞ்சிலிருந்து பத்தடி. பெற்றவர்கள் வெளியே. மாரிமுத்து கம்பியைப் பிடித்தபடியே என்னிடம் பேசினார். கோபமாகப் பேசவில்லை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு எத்தனை மணிக்குப் போகணும் என்று கேட்கிற மாதிரிதான் பேசினார்.

"மொதலாளி, கோவிச்சுக்காதீங்க. இந்த நாட்டுப் பிரஜா உரிமைக்கு மனு போட்டப்ப ஒரே காயிதத்துல எட்டுப் பேரையும் எழுதினோம். கெடையாதுன்னு வந்த பதிலும் ஒரே காயிதம்தான். எட்டுப் பேருக்கும் சேர்த்து. வெளிய போன்னு சொல்ல ஒரு காயிதம் பத்துதுன்னா, உள்ள வான்னு சொல்ல மட்டும் ஏங்க பத்தாது?"

எங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு 'கிடையாது' காகிதம் இருக்கிறது. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

குடையை மடக்கினேன். கேட்டின் இரண்டு கதவையும் திறந்தேன்.

பிடுங்கவில்லை — ராகலைக்காரர்கள் கவனிக்கவும். திறந்தேன்.

சனம் உள்ளே வந்தது பாருங்கள்! கோடு வரைக்கும் கூட்டம். கார்னர் அடிக்க வேண்டுமென்றால் நாலு குடும்பம் எழுந்து இடம் விட வேண்டும். பந்து வெளியே போனால் எடுத்துக் கொடுக்கப் பத்துக் கை. கொழும்பு டீம் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நம் பையன்கள் ஒரு கோல் போட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு ஸ்டேஷனில் நின்ற எஞ்சின் டிரைவர் இறங்கிவிட்டாராம்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமே... சனம் கத்தினால் மட்டும் கோல் நின்றுவிடுமா? கொழும்பு இன்னும் இரண்டு போட்டது. நாலுக்கு ஒன்று. ஒவ்வொரு கோலுக்கும் மாரிமுத்துவின் முகம் சுண்டிக்கொண்டே போனது. தாய்க்காரி மேட்ச் பக்கமே திரும்பவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சம்பந்தம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். நாலு கோல் விட்டவனை எந்தப் பெண் கட்டிக்கொள்வாள்?

விசில் ஊதியதும் மாரிமுத்து மகளிடம் போனார். பையனின் மாமா ஒருவர் கொஞ்சம் தள்ளிக் காத்துக்கொண்டிருந்தார். நானும் கேட்டை விட்டுவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன். கேட்டில்தான் இனி எனக்கு என்ன வேலை?

"நாலு விட்டுட்டானேம்மா" என்றார்.

"ரெண்டு கிட்டக்க பார்த்தேன்ப்பா. ரெண்டும் முன்னால ஆடினவங்க விட்டது" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "அவரு ஒருத்தரையும் ஏசல. அவரே போயி பந்தை எடுத்து, சட்டையில தொடைச்சி, அவங்ககிட்டயே குடுத்தாரு" என்றாள்.

"அதுக்கு?"

"சரின்னு சொல்லுங்க."

அப்பா கோலை எண்ணிக்கொண்டிருந்தார். நானும் அதைத்தான் எண்ணினேன். அந்தப் பிள்ளை வேறு எதையோ எண்ணியிருக்கிறது. அவள் உள்ளே இருந்து பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் பாதி மேட்ச் கேட்டில் நின்றோம்.

கமிட்டியில் என்னைக் கேள்வி கேட்டார்கள். மாஸ்டர் மட்டும் கேட்கவில்லை. அடுத்த மேட்ச்சுக்கு டிக்கட் அச்சடிக்கும்போது கடைசி வரி என்னவாக இருக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தப் புதன்கிழமை நானா கடையிலிருந்து, சிரித்தவர்களை மனதுக்குள் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். வாசலில் மாரிமுத்து. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு கல்யாணப் பத்திரிகை. நாலு மூலையிலும் மஞ்சள்.

"மொதலாளி குடும்பத்தோட வந்துடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்திரிகையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். 'ஒருவருக்கு மட்டும்' என்று எங்கேயும் போடவில்லை.

எங்கள் வீட்டில் பதினாலு பேர். பெரிய லாரியைக் கழுவிவைக்கச் சொல்லியிருக்கிறேன்.