ஓரகத்திக்கு அடுக்கிய பெட்டி

என் கணவரின் அண்ணன் மனைவி லட்சத்தீவுக்குக் கப்பலில் போனபோது அவளுக்குப் பெட்டி அடுக்கிக் கொடுத்தது நான்தான். அந்த ஒரு வாரம் எனக்கு வயிறு எரிந்த மாதிரி அதற்கு முன்னும் எரிந்ததில்லை, பின்னும் எரிந்ததில்லை.

கோவில்பட்டியில் எங்களுக்குப் பெயிண்ட் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து நடத்தினார்கள். அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், கல்லாவில் உட்காருவார். என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் ஊர்களெல்லாம் சுற்றி, எங்கே புது வீடு எழும்புகிறது என்று பார்த்து, கொத்தனாரையும் பெயிண்டரையும் பிடித்து ஆர்டர் கொண்டுவருவார். மழைக் காலத்தில் சக்கரத்தில் அப்பிய மண்ணைச் சுரண்டவே அவருக்கு அரை மணி நேரமாகும். அந்த வருடம் விற்பனை ஏறியதென்றால் அது அவருடைய முதுகுவலியால் ஏறியது. ஆனால் ஏஜென்சி அண்ணன் பெயரில் இருந்தது. நன்றாக விற்ற கடைக்காரர்களைக் கம்பெனி மனைவியோடு கப்பல் சுற்றுலா அனுப்பியபோது, அத்தானுக்கும், நான் அக்கா என்று கூப்பிடுகிற அவர் மனைவிக்கும்தான் டிக்கெட் வந்தது.

"உங்களுக்குக் கோவமே வரலியா?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"அண்ணன் போனா என்ன, நான் போனா என்ன" என்றார். அவருக்கு வராத கோபமும் சேர்ந்து எனக்கே வந்தது.

கொச்சியில் கப்பலேற வேண்டும். பகலெல்லாம் தீவில் இறங்கிச் சுற்றலாம், இரவு கப்பலிலேயே படுக்கை. கம்பெனி ஆள் கடைக்கு வந்து இதைச் சொன்னபோது காப்பி கொண்டுபோன நான் தட்டோடு அப்படியே நின்றேன். கண்ணாடி பதித்த படகில் உட்கார்ந்தால் காலுக்குக் கீழே மீன் ஓடுவது தெரியுமாம். அந்த ஆளிடம் கேள்வி கேட்டதெல்லாம் நான்தான். அக்கா தூணில் சாய்ந்துகொண்டு சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

மதுரையிலிருந்து சக்கரம் வைத்த பெட்டி வாங்கி வந்தார்கள். தெருவுக்கே அதுதான் முதல் பெட்டி. பிள்ளைகள் அதைத் தரதரவென்று முற்றத்தில் இழுத்து விளையாடின. நான் பிடுங்கி உள்ளே கொண்டுபோய்த் துடைத்து அடுக்க ஆரம்பித்தேன். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், முறுக்கு, கூட வருகிறவர்களுக்குக் கொடுக்கக் கடலைமிட்டாய். எதுவும் சிந்திவிடாமல் இரண்டு இரண்டு பிளாஸ்டிக் பையாகப் போட்டுக் கட்டினேன். எனக்கு என்ன தலையெழுத்து என்று முணுமுணுத்துக்கொண்டே கட்டினேன். ஆனால் முடிச்சு இறுக்கமாகத்தான் விழுந்தது.

சேலையைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்க முடியாது என்ற பேச்சு வந்தது. கல்யாணத்துக்கு முன்பு நான் சுடிதார் போட்டவள். இந்த வீட்டில் மருமகள்கள் சேலைதான் கட்ட வேண்டும் என்று சொன்னதால் அவற்றை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன்.

"ஏட்டி, உன் சுடிதார்ல ரெண்டு குடுக்கியா? அத்தான் போட்டுக்கிடச் சொல்லிட்டாவ" என்றாள் அக்கா.

எனக்கு ஆகாது என்ற வழக்கம் அவளுக்கு ஒரே நாளில் ஆகிவிட்டது. எடுத்துக் கொடுத்தேன். மாம்பழ நிறத்தில் ஒன்று, நீலத்தில் ஒன்று. நீலத்தைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் வந்து நின்றாள். என்னைவிட அவளுக்கு நன்றாக இருந்தது.

கிளம்புகிற அன்று மதியம், கடையில் ஆணி நிறுக்கும் தராசில் பெட்டியை வைத்துப் பார்த்து, பாரம் அதிகமென்று மறுபடி உள்ளே கொண்டுவந்தோம். எதை எடுக்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது அக்கா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் போகல" என்றாள்.

"என்னக்கா சொல்லுதிய?"

"பிள்ளையள விட்டுட்டு எங்கிட்டோ போயி, நாலாப்பக்கமும் தண்ணியா இருக்குமாம். முகந்தெரியாத சனம். எனக்கு வேண்டாம்ட்டி."

ஒரு நிமிடம் என் மனசு எப்படிக் குளிர்ந்தது தெரியுமா! பெட்டியை அப்படியே கவிழ்த்துவிடலாம் போலிருந்தது. அதற்குள் விஷயம் கடைக்குப் போய்விட்டது. நான் அடுக்களைக்குள் போனதும் அத்தான் வாசலில் வந்து நின்றார். என்னோடு நேருக்கு நேர் பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஏம்மா, நீதான் சொல்லணும். நீ சொன்னாத்தான் கேப்பா."

அவர் குரலைக் கேட்டால் பாவமாக இருந்தது. போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் என்னிடம்தானே இருக்கும் என்றேன். காலையில் எழுந்ததும் மேல்தளத்துக்கு ஏறிப் போய்விட வேண்டும், மற்றவர்கள் வருவதற்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்றேன். தண்ணீர் கரைப்பக்கம் பச்சையாகவும் தள்ளிப் போகப் போக நீலமாகவும் இருக்கும், முழங்கால் வரைக்கும் இறங்கினால் போதும், நகத்தில் போட்ட மருதாணி கூடத் தெரியும் என்றேன். கம்பெனி ஆள் சொன்ன கலங்கரை விளக்கத்தில் ஏறாமல் வந்துவிடாதே, மூச்சு வாங்கினாலும் ஏறு என்றேன். சொல்லச் சொல்ல எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிரிவுக்கு அழுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"சரி, போறேன். அழாத" என்று என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

அவர்கள் போன வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு தெருமுனையில் திரும்பிய பிறகு, வீட்டுக்குள் போய் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தட்டில் சோறு பிசைந்து உருட்டிக் கொடுத்தேன். அந்தச் சில நாட்களும் கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம், இப்போது எந்தத் தீவில் இருப்பாள் என்றே நினைப்பு ஓடியது.

ஒரு தடவையாவது வாந்தி எடுத்துப் படுத்திருப்பாள் என்று எதிர்பார்த்தேன். இல்லை. கறுத்து, மினுமினுவென்று வந்து இறங்கினாள். காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் கப்பல் கதைதான். நானும் கேட்காமல் இருக்கவில்லை. அவள் சொல்லாமல் விட்டதைக் கிளறிக் கிளறிக் கேட்டேன். என்ன சாப்பாடு, கூட யார் வந்தார்கள், எந்தப் பக்கம் சூரியன் விழுந்தது? அவளுக்கு மறந்துபோன பிறகும் எனக்கு எல்லாம் நினைவிருந்தது. மறுவருடம் மழை இல்லை. யாரும் வீடு கட்டவில்லை, கப்பலும் வரவில்லை.

பல வருடம் கழித்து அக்கா மகளைப் பெண் பார்க்கச் சிவகாசியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சுவரில் மாட்டியிருந்த கப்பல் போட்டோவைப் பார்த்துவிட்டுக் கேட்டார். அக்காவுக்குக் கேட்க வேண்டுமா?

"மொத நாளு மினிக்காய் தீவுல எறங்குனோம்…" என்று ஆரம்பித்தாள்.

"இல்லக்கா, மொத நாளு கவரத்தி. மினிக்காய் கடைசி நாளுல்லா" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "நீங்களும் போயிருந்தியளா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"ஆமா, நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் போனோம்."

எனக்கு முகம் சுட்டது. இதையும் அவள் கையால் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று ஒரு எரிச்சல். எழுந்து உள்ளே போய்விடலாமா என்று பார்த்தேன். அக்கா ஒன்றும் நடக்காதது போல வந்தவர்களுக்குப் பழம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"கப்பல் ரொம்ப ஆடுமோ?" என்றார் அந்த அம்மா, என்னைப் பார்த்து.

"மொத நாளுதான் ஆடும்" என்றேன். "அப்புறம் பழகிரும்."