கிராம்பு மர உச்சியில் சுவாஸ்தி

பாலித் தீவின் தெற்குக் கடற்கரையில் துணிக்கடை நடத்தும் முர்னி, மலைமேல் வாழ்க்கைப்பட்ட அக்கா சுவாஸ்தியைக் கையோடு அழைத்துப் போய்விடுவது என்ற முடிவோடுதான் வந்திறங்கினாள்.

"இந்தக் குளிர்ல எப்படித்தான் இருக்கியோ! அத்தானையும் கூட்டிக்கிட்டு வந்துடு. கடையில ஃபேனுக்குக் கீழ உக்காந்து கல்லாவைப் பாத்துக்க."

"ஏறு வண்டியில. சுத்திப் பாத்துட்டு அப்புறம் பேசு," என்றாள் சுவாஸ்தி.

முதலில் ஏரிக்குப் போனார்கள். இரண்டு ஓடங்களைச் சேர்த்துக் கட்டிய படகு பனிக்குள் நுழைந்ததும் கரை மறைந்தது. கோயிலின் அடுக்குக் கூரை மட்டும் தண்ணீர்மேல் மிதப்பதுபோல் தெரிந்தது. முர்னி படகின் விளிம்பைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் காற்றெல்லாம் கிராம்பு வாசம். தோட்டத்துக்காரர் புடியாசா கையைத் தட்டினார்.

"சுவாஸ்தி! நல்ல சமயத்துல வந்தே. அந்தப் பெரிய மரத்து உச்சியை எவனும் தொட மாட்டேங்கிறான்."

"ஆம்பளைங்களுக்கெல்லாம் இன்னிக்குக் கால் வலியா?"

மரத்தடியில் சிரிப்பு எழுந்தது. முர்னி அக்காவின் கையைப் பிடித்தாள். "நீயா ஏறப்போறே?"

கணவர் சுதானா ஏணியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்த வருஷம், சுவாஸ்தி முதன்முதலாக ஏறினாள். "பொம்பளைக்கு எதுக்கு ஏணி?" என்று கேட்டவர்களில் இந்தப் புடியாசாவும் ஒருவர். அவள் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை, மறுநாளும் ஏறினாள். தங்கைக்கு இதையெல்லாம் அவள் சொன்னதே இல்லை.

ஒற்றை மூங்கில், அதில் குறுக்கே செருகிய குச்சிகள், நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய கயிறு. அவ்வளவுதான் ஏணி. இடுப்புத் துணியை இறுக்கிச் சொருகிக்கொண்டு சுவாஸ்தி ஏறினாள். மூங்கில் ஆடியபோதெல்லாம் முர்னி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அக்கா, போதும், இறங்கிடு!"

"இங்கேருந்து வடக்குக் கடல் தெரியுதுடி! உன் கடையில தெரியுமா?"

கீழே இறங்கியபோது முதுகுக் கூடை நிறைய, பறித்த கிராம்பு மொட்டுகள். புடியாசாவே கைநீட்டி அதை வாங்கி இறக்கினார். முர்னி அக்காவின் காய்த்துப்போன உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தெற்கே போகும் பேச்சை அதன்பின் அவள் எடுக்கவில்லை.

சாயங்காலம் டீக்கடையில் பக்கத்துப் பெஞ்சில் இருந்தவரிடம் அவளாகவே வலியப் பேச்சுக் கொடுத்தாள். "அந்தப் பெரிய மரத்து உச்சிக்கு ஏறினது யாரு தெரியுமா? இதோ, இவதான். என் கூடப் பொறந்தவ."

அந்த ஊரில் அது எல்லோருக்கும் தெரிந்த சேதி. ஆனாலும் அவர் புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டினார். சுவாஸ்தி காதில் விழாதவள்போல் காப்பியை ஊதிக்கொண்டிருந்தாள். முகமோ பூரித்துப்போயிருந்தது.